இருபத்து மூன்றாவது கவிதை

ஒரு கவிதை சித்திரக்கதைப் பக்கத்தின் ஆறு கட்டங்களுக்குள் அலுங்காமல் குலுங்காமல் வந்து உட்காருமா? சத்தியமாக உட்காராது. பத்தொன்பது வருடமாகக் கட்டங்களுக்குள் எழுத்துப் போட்டே விரல் காய்த்துப்போன எழுத்தக்காவிடம் போய் யாராவது உட்காரும் என்று சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சண்டைக்கு நிற்பாள். அப்படிப்பட்டவளின் மேசையில் இருபத்திரண்டு கவிதைகள் கிடந்தன. இருபத்திரண்டும் உட்கார்ந்தன. ஒரு கவிதைக்கு ஆறு வரி, வரிக்கு ஒரு கட்டம், ஒரு சொல்கூடப் பிதுங்கவில்லை. அவளுக்கு மூக்கில் வியர்த்தது அப்போதுதான்.

கவிதைகள் அவளைப் பெற்ற அப்பாவுடையவை. அண்ணன் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தான்.

அப்பாவை ஊர் உலகம் பூதக்கதைக்காரர் என்றே அறியும். தொட்டால் கையில் மை ஒட்டும் மட்டமான தாளில் வந்த ஒரு மாதப் பத்திரிகையில் பதினான்கு வருடம் மாயாஜாலக் கதை எழுதியவர். பேசும் வாள், எலும்புக் கோட்டை, ஒற்றைக்கண் ராணி என்று அவர் கிளப்பிவிட்ட பூதங்களுக்குக் கணக்கில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார். கதவுக்கு வெளியே இரண்டு பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியுமா என்பதே எழுத்தக்காவுக்கு நெடுநாள் சந்தேகம். அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அலமாரியின் அடித்தட்டில் அவருடைய நாட்குறிப்புகள் ஏழு கிடைத்தன. உள்ளே கவிதைகள்! மனிதர் ரகசியமாகக் கவிதை எழுதியிருக்கிறார். எழுத்தக்கா அவற்றைத் தான் வேலை பார்க்கும் சித்திரக்கதைப் பதிப்பகத்துக்கே எடுத்துப் போனாள். முதலாளி இரண்டைப் படித்துவிட்டு, "கவிதைன்னு போட்டா எவனும் வாங்கமாட்டான்மா. படமாப் போட்டா வாங்குவான்" என்றார். அப்படியே கவிதைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, படம் வரைந்து, வரிகளை உள்ளே எழுதி ஒரு புத்தகம் வந்தது. மூன்று பதிப்பு ஓடியது. முதலாளி அன்று முதல் இரண்டாவது புத்தகம் எங்கே என்று நச்சரிக்க ஆரம்பித்தார்.

அந்த முதல் புத்தகத்துக்கு எழுத்துப் போட்டபோது அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நாட்குறிப்புக் கவிதை ஒவ்வொன்றும் அடங்காப்பிடாரி. ஒரு வரியில் இரண்டு சொல் இருக்கும், அடுத்த வரி பாய் போல விரிந்து கிடக்கும். கட்டத்துக்குள் திணிக்க எழுத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கண் பூத்துப்போனது. அப்பாவின் கவிதை என்றால் பிதுங்கும், அவ்வளவுதான். அதை அவள் கை மூலமாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு நாட்குறிப்புகளையும் அவள் இரண்டு தடவை புரட்டியிருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வரி இருக்காதா என்று தேடினாள். இல்லை. வீட்டுக்கு வந்து போன பூனையைப் பற்றி மட்டும் இரண்டு கவிதை இருந்தன. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணன் வந்தான். லிப்ட் மெக்கானிக். ஐம்பது வயதுக்காரன், இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். கம்ப்யூட்டரில் அடித்த இருபத்து மூன்று தாள்களை மேசைமேல் வைத்தான்.

"அப்பாவோடது பாப்பா. இன்னொரு கட்டு கிடைச்சுது."

கடைசித் தாளின் தலைப்பு 'மகளுக்கு'. எழுத்தக்கா அதை நின்றபடியே படித்தாள்.

*ஆறு தலைகளை வெட்டிவிட்டேன், மகளே.*
*ஏழாவது தலைக்கு*
*உன் முகம் இருந்தது.*
*அதனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன். பரவாயில்லை, நீ தூங்கு.*

அவள் அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி அப்பா தன்னையும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டால் அழாமல் என்ன செய்வாள்? வீட்டுக்காரரிடம் சொன்னாள், கீழ்வீட்டில் சொன்னாள், பள்ளிக்கூடத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். முதலாளியும் விடுவாரா? பின்னட்டையில் போட 'பூதங்களை ஆட்டிவைத்தவர் மகளுக்கு எழுதிய கவிதை உள்ளே' என்று ஒரு வரி தயார் செய்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் எழுத்துப் போட உட்கார்ந்ததும், மூக்கில் வியர்த்ததும்.

முதலில் படம் வரைபவனிடம் சொன்னாள். ஆறடி நாலங்குலம் வளர்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டே நடப்பவன். அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

"ஒட்டகம், இதைப் பாரு. ஆறு வரி, ஆறு கட்டம். இதுவும் ஆறு. இதுவும் ஆறு."

"நல்லதுதானேக்கா? போன தடவை உங்ககூடச் சேர்ந்து நானும் தலையைப் பிய்ச்சுக்கிட்டேன். இந்தத் தடவை ஜாலியா வரைஞ்சேன்."

"அதான் கேக்கறேன். அப்பா காலத்துல அவர் கவிதையை யாராவது படமாப் போட்டாங்களா? கட்டம்னா என்னன்னு அவருக்குத் தெரியுமா? நம்ம முதல் புத்தகத்தைப் பார்த்து, கட்டத்தை எண்ணி, அதுக்கு அளவா யாரோ எழுதியிருக்காங்க."

ஒட்டகம் கழுத்தை இறக்கினான். "யாரோன்னா? உங்கண்ணனா? அவரு லிப்டு கதவைத் தவிர வேற எதுக்கும் வாயைத் திறக்கமாட்டாரேக்கா."

"ஊமையா இருக்கறவனை நம்பவே கூடாது."

"அப்போ 'மகளுக்கு'?"

"அது அப்பாவோடது." இதை அவள் சட்டென்று சொன்னாள். "அது பிதுங்குது பாரு. கடைசி வரியை மூணு கட்டத்துக்குப் பிரிச்சும் அடங்கலை. அது ஒண்ணுதான் அசல். ஒரு கவிதையை வெச்சுப் புத்தகம் போட முடியாதேன்னு மத்ததை இட்டுக்கட்டிட்டான்."

கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. நாளைக்குக் குட்டு வெளிப்பட்டால் என்ன ஆகும்? இருபத்திரண்டு பொய்க்கு நடுவே நிற்கும் ஒரு மெய்யை எவன் நம்புவான்? அதுவும் மகன் புளுகியது என்றுதான் சொல்வார்கள். அப்பா தனக்கென்று எழுதிய ஒரே கவிதையும் கையை விட்டுப் போய்விடும். அண்ணனை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். எதையாவது கழற்றி மாட்டாமல் அவனால் உட்கார முடியாது. அன்றைக்கு மின்விசிறி. ஸ்டூல்மேல் ஏறி நின்றவனை எழுத்தக்கா கீழிருந்து பிடித்தாள்.

"ஏண்ணா, அந்தக் கட்டு எங்கே கிடைச்சுது?"

"பரண்மேல. பழைய ரேடியோப் பெட்டிக்குள்ள."

"அப்பா செத்த வருஷம் பரணைச் சுத்தம் பண்ணது நான். ரேடியோப் பெட்டியை எடைக்குப் போட்டதும் நான்."

விசிறியின் இறக்கை அவன் கையில் நின்றது. "அப்படின்னா கட்டிலுக்கடியில இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா? எடுத்தவன் நீதானே?"

"எடுத்தேன். மறந்துபோச்சு."

"சரி, அப்பா கையெழுத்துத் தாளைக் காட்டு."

"எல்லாம் செல்லரிச்சுடுச்சு பாப்பா. தொட்டா உதிருது."

"உதிர்ற தாளை எப்படிப் படிச்சு அடிச்சே?"

"உதிர்றதுக்கு முன்னாடி படிச்சேன்."

இப்படி ஒரு பதிலைக் கேட்டு யாருக்குத்தான் கோபம் வராது? அவள் ஸ்டூலைப் பிடித்திருந்த கையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். அவனோ திருதிருவென்று விழித்துவிட்டு, திருகாணியைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டான்.

"அந்த 'மகளுக்கு' உனக்குப் பிடிச்சுதா?"

"பேச்சை மாத்தாதே."

"இல்ல, பிடிச்சுதான்னு கேட்டேன்."

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டான். பிடித்தது என்று எரிச்சலோடு சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்று மாலை முழுவதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டில் என்கிறான், பரண் என்கிறான், மென்று விழுங்குகிறான். திருட்டு முழி ஒன்று போதாதா? ஆனால் முழியை வைத்து முதலாளியிடம் பேச முடியாது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது.

லிப்ட் மெக்கானிக்குக்குக் கவிதை எங்கிருந்து வரும்? அப்பாவின் பழைய கதைகளிலிருந்து வரிகளை உருவியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பத்திரிகைகளை அவள் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் பூதக்கதை படித்தால் தூக்கத்தில் அலறுவாள் என்று அம்மா கண்ணில் காட்டமாட்டாள். அப்பாவோ அடுத்த இதழ் வந்ததும் பழையதைக் கட்டி எடைக்குப் போட்டுவிடுவார். பொது நூலகத்தில் மட்டும் பதினான்கு வருடத் தொகுப்பும் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். செவ்வாயன்று லீவு சொல்லிவிட்டுப் போனாள். நூலகர் தும்மிக்கொண்டே தொகுப்புகளைக் கொண்டுவந்து அடுக்கினார்.

முதல் தொகுப்பில் எட்டாம் இதழைத் திருப்பியபோது அவள் கை நின்றது. 'கிணற்றுப் பூதம்' கதை பக்கத்தின் பாதியிலேயே முடிந்திருந்தது. மிச்ச இடத்தில், நான்கு பக்கமும் கொடி ஓடிய ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஆறு வரி. எழுதியவர் பெயர் இல்லை.

*கிணற்றுக்குள் இருப்பது*
*பூதம் அல்ல, மன்னா;*
*நீ எறிந்துவிட்டு*
*மறந்துபோன சொல்.*
*அது இன்னும் அங்கே*
*நீந்திக்கொண்டிருக்கிறது.*

அண்ணன் கொடுத்த ஐந்தாவது தாள். எழுத்து மாறாமல் அதே கவிதை. முப்பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய இதழ் அது. அண்ணனுக்கு அப்போது பதினோரு வயது.

மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், அவளுக்கு வேண்டியதில்லை. கதை சீக்கிரம் முடிந்துவிட்டது, பக்கத்தின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது, அச்சகத்தில் கொடி போட்ட பார்டர் ஒன்று தயாராக இருக்கிறது, ஆறு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா உட்கார்ந்து, இடத்தை அளந்து, ஆறு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். தன் இஷ்டத்துக்கு எழுதிய நாட்குறிப்பில்தான் பிதுங்கியிருக்கிறார். பத்திரிகைக்கு எழுதும்போது கட்டத்துக்கு அளவாக நிரப்பியிருக்கிறார். அவள் செய்கிற வேலையையே அவரும் செய்திருக்கிறார்! மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அவள் சிரித்தாள். அண்ணனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்றும் மறுநாளும் உட்கார்ந்து நூற்று அறுபத்தெட்டு இதழையும் புரட்டினாள். கிடைத்த கவிதையை எல்லாம் தாளோடு ஒப்பிட்டு டிக் போட்டாள். ஒவ்வொன்றும் அப்பாவின் கதைக்கு அடியில்தான் இருந்தது, அந்தந்தக் கதையின் பூதத்தைப் பற்றியே பேசியது. புதன்கிழமை சாயங்காலம் ஆனபோது இருபத்திரண்டு டிக் விழுந்திருந்தன.

'மகளுக்கு' இல்லை.

கொடி போட்ட கட்டங்களை மறுபடி எண்ணினாள். மொத்தம் இருபத்து மூன்று. அப்படியானால் அண்ணன் கொடுக்காத ஒன்று இருக்கிறது. நூலகர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு நேரமாகிவிட்டதை உணர்த்தினார். அவள் காதில் வாங்காமல் பின்னாலிருந்து புரட்டினாள். டிக் போடாத கட்டம் பதினோராம் தொகுப்பில் இருந்தது. அவள் அவசரத்தில் தாண்டிப் போயிருந்தாள். அதற்குத் தலைப்பு இருந்தது: 'மகனுக்கு'.

*மகனே, வாளைக் கீழே வை.*
*திருப்புளி ஒன்றை எடு.*
*பூதத்தின் நெஞ்சைத் திற;*
*ஒரு சக்கரம் நின்றிருக்கும்.*
*சுற்றிவிடு. அது எழுந்து*
*உன்னைத் தோளில் ஏற்றும்.*

எழுத்தக்கா அதை மூன்று தடவை படித்தாள். இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. நூற்று அறுபத்தெட்டு மாதத்தில் ஒரு மாதம்கூட அப்பாவின் கதை வராமல் இல்லை. அவர் யாருக்காகவும் எந்தக் கதையையும் நிறுத்தியதில்லை.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலையாக இருந்தான். லிப்டை மேலே நிறுத்திவிட்டுக் கீழே குழிக்குள் இறங்கியிருந்தான். தரைத்தளத்தில் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் அவனுடைய வழுக்கை மட்டும் தெரிந்தது. எழுத்தக்கா பையை வைத்துவிட்டு, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா."

"பாப்பா! இங்க எதுக்கு வந்தே? தள்ளி உட்காரு, கிரீஸ் படும்."

அவள் தள்ளி உட்காரவில்லை. நூலகத்தில் எடுத்த நகலைப் பிரித்து, மகனே, வாளைக் கீழே வை என்று படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் குழிக்குள் ஸ்பேனர் சத்தம் நின்றது. ஆறு வரியையும் படித்து முடித்தாள்.

"இதை ஏண்ணா கொடுக்கலே?"

"எங்கே பிடிச்சே அதை?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் கந்தல் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "கட்டுல எனக்கு ஒண்ணு இருந்துச்சு. உனக்கு இல்ல. அப்பா போன அன்னைக்கே பார்த்துட்டேன். தாளைத் திருப்பித் திருப்பித் தேடினேன் பாப்பா, முதுகுப் பக்கம்கூட. இல்ல. நீ பார்த்தா மனசு விட்டுப்போயிடுவியேன்னு என் டூல்ஸ் பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன்."

"பதினோரு வருஷமா?"

"பூட்டினது பூட்டினபடியே இருந்துச்சு. உங்க முதலாளி கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீயும் அப்பாவோடது வேற ஏதாவது இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தே. சரி, கொடுத்துடலாம், என்னோடதை எடுத்துட்டு அந்த இடத்துல உனக்கு ஒண்ணு வெச்சுடலாம்னு..."

"நீ எழுதினே."

"நாலு மாசம் ஆச்சு. அளவுதான் கடைசிவரைக்கும் வரலை."

எழுத்தக்கா குழிக்குள் குனிந்து கத்தினாள். "ஊரெல்லாம் சொல்லிட்டேனேடா! என் அப்பா எனக்கு எழுதியிருக்காருன்னு தெருத்தெருவாச் சொல்லிட்டேனே! எப்படிண்ணா மனசு வந்துச்சு உனக்கு?" பிறந்ததிலிருந்து அவனை அவள் 'டா' போட்டதில்லை. போட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

அவன் அதே கந்தல் துணியால் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவளே மறுபடி கேட்டாள். "அப்பா என்னைப் பத்தி ஒரு வரிகூட எழுதலை. அப்படித்தானே?"

"எழுதலை."

பொய் சொல்லத் தெரியாத அவன் இத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தன! இந்த ஒரு சொல்லை மட்டும் தடுமாறாமல் சொன்னான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். படியிறங்கி வந்த ஒரு அம்மாள் லிப்ட் வேலை செய்யாததற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

"ஏழாவது தலைக்கு என் முகம்னு எழுதினியே," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது எங்கேருந்து வந்துச்சு?"

"உனக்கு மஞ்சள் காமாலை வந்து கிடந்தப்போ. எட்டு வயசு உனக்கு. அப்பா உள்ள கதவைச் சாத்தி எழுதிட்டிருந்தாரு, அம்மா மருந்து வாங்கப் போயிருந்தா. நான் உன் பக்கத்துல உட்கார்ந்து நாகத்துக் கதை சொன்னேன். ஏழாவது தலையை வெட்டப் போனா, வெட்டாதே, அது என்னை மாதிரியே பார்க்குதுன்னு அழுதே. நிறுத்திட்டேன். பாதிக் கதையில விட்டுட்டேன்னு உனக்கும் கோபம், உன்னை அழ வெச்சுட்டேன்னு அம்மாகிட்டயும் திட்டு. அதான் எழுதினேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

எழுத்தக்கா போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், பின்னட்டை வரியை எடுத்துடுங்க. கடைசிக் கவிதையும் வராது. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு இருக்கு, 'மகனுக்கு'ன்னு. ஆறு கட்டம்தான், இன்னிக்கே எழுதித் தந்துடறேன்... இல்ல சார், விளையாடலை. ஒட்டகத்துகிட்ட நானே பேசறேன்... ஏன்னா, அப்பா எனக்கு எழுதலை சார். எழுதவே இல்ல." மாடிப்படி முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். முதலாளி கத்திக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள்.

அண்ணன் குழிக்குள்ளிருந்து பதறினான். "என்னோடதை எதுக்குப் பாப்பா போடறே? வேண்டாம்."

"அது அப்பா எழுதினது. அப்பா பேர்ல போகும்."

"அப்போ அந்த இன்னொண்ணு? கிழிச்சுப் போட்டுடு."

"கிழிக்கறதா?" அவள் பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள். கூடவே பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். "உலகத்துல எனக்குன்னு ஒருத்தன் எழுதினது இது ஒண்ணுதான். கீழே உன் பேரைப் போடு."

"நான் லிப்டு ரிப்பேர்காரன். என் பேரு எதுக்கு?"

"போடுண்ணா."

அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைக் குழியின் விளிம்பில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு பேரைப் போட்டான். எழுத்தக்கா மை காயும்வரை ஊதினாள். பிறகு தாளை மடிக்காமல், கையில் பிடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.